டைட்டன்ஃபால் முதல் பாகம்: ஆரவாரம், எக்ஸ்பாக்ஸ் பூட்டு, விற்பனை நிறுத்தம். சிங்கப்பூரில் ஆள் சேராமல் போனது ஏன்?

பிடோக்_பைலட்

டைட்டன்ஃபால் என்ற ஆன்லைன் சுடும் ஆட்டம் 2014 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. 2021 டிசம்பர் 1 அன்று புது விற்பனையை நிறுத்தினார்கள். 2022 மார்ச் 1 முதல் சந்தா சேவைகளிலும் கிடைக்கவில்லை. சர்வர்கள் தொடர்ந்து ஓடும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஆக, கடையிலிருந்து எடுத்தாயிற்று, மின்சாரம் மட்டும் துண்டிக்கப்படவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "எக்ஸ்பாக்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள், போயிற்று." எனக்கு அது போதவில்லை. நம் ஊர் நிலவரத்தை வைத்துப் பாருங்கள். இந்த ஆட்டம் மைக்ரோசாஃப்டின் அஸூர் சர்வர்களில் ஓடியது. அஸூரின் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இருப்பதே சிங்கப்பூரில்தான். ஃபைபர் இணைப்பு இருந்தால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) பத்து மில்லிசெகண்டுக்குள் நிற்கும். உலகத்தில் பாதிப் பேருக்குக் கிடைக்காத வசதி அது. அப்படியிருந்தும் அட்ரிஷன் என்ற குழுச் சண்டை தவிர வேறு எந்த மோடை (ஆட்ட வகையை) அழுத்தினாலும் பன்னிரண்டு பேர் சேர்வது குதிரைக்கொம்பு. சர்வர் வாசலில், ஆட்டக்காரர் எங்கே? அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

---

ஓகர்_பிரியா

நல்ல கேள்வி. ஆனா முதல்ல ஆரவாரம் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம சரிவைப் பேச முடியாது. இப்ப படிக்கிற பிள்ளைகளுக்கு இதே ஸ்டூடியோ பின்னாடி செஞ்ச ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்தான் தெரியும்.

டைட்டன்ஃபாலைச் செஞ்ச ரெஸ்பான் ஸ்டூடியோவை 2010ல ஆரம்பிச்சவங்க வின்ஸ் ஜாம்பெல்லாவும் ஜேசன் வெஸ்டும். கால் ஆஃப் டியூட்டியை உருவாக்கிய இன்ஃபினிட்டி வார்டுல இருந்து வெளியே வந்தவங்க. 2013 ஜூன் மாச ஈ3 கண்காட்சியில ஆட்டத்தைக் காட்டினதும் விமர்சகர் விருதுகளை அள்ளிக்கிட்டுப் போச்சு. காரணம் விளம்பரம் மட்டும் இல்ல. சுவர்ல ஓடுறது, ரெட்டைத் தாவல், மேலேயிருந்து விழுற ராட்சத டைட்டன், அதுக்குள்ள ஏறி உட்கார்ந்து சண்டை போடுறது, இவ்வளவும் ஒரே மேட்சுல. எதிரி டைட்டன் முதுகுல தொத்தி ஏறி மூடியைப் பிய்ச்சு உள்ள சுடலாம். உள்ள இருக்கிறவர் மின்புகை விட்டா நீங்க காலி. தோத்த பக்கமும் சும்மா இருக்கத் தேவையில்ல. கடைசியில மீட்பு விமானத்துக்கு ஓடித் தப்பிக்கலாம். தோக்கிற மேட்ச்லகூட கடைசி நிமிஷம் வரைக்கும் ஆளை உட்கார வெச்சது அந்த ஒரு விஷயம்தான்.

ஆறுக்கு ஆறுன்னு அறிவிச்சப்ப "இவ்வளவு கம்மியா?"ன்னு பலரும் கத்தினாங்க. ஆனா ஒரு மேப்ல பன்னிரண்டு பைலட் (அதாவது ஆட்டக்காரர்), அவங்களோட டைட்டன்கள், ரெண்டு பக்கமும் கணினி ஓட்டுற படைவீரர்களும் ஸ்பெக்டர் ரோபோக்களும். இதுக்கு மேல ஆள் சேர்த்தா மூச்சு விட இடம் இருக்காது. புதுசா வர்றவர் அந்தப் படைவீரர்களைச் சுட்டே தன் டைட்டன் வர்றதுக்கான நேரத்தைக் குறைச்சுக்கலாம். திறமை கம்மியா இருந்தாலும் மேட்ச்ல உங்களுக்கு ஒரு வேலை இருக்கும். இது ரொம்ப யோசிச்சுப் பண்ணின விஷயம், அதுக்கான பேரு அவங்களுக்குக் கிடைக்கவே இல்ல.

---

கேபிள்காரர்

@ஓகர்_பிரியா சொன்னதுக்குத் துணையாக ஒரு தொழில்நுட்ப விவரம். அந்தப் படைவீரர்களும், ஆள் இறங்கிய பிறகு தானாகக் காவல் நிற்கும் டைட்டன்களும் ஓடியது சர்வரில்தான், உங்கள் பெட்டியில் இல்லை. அதனால்தான் அஸூர் இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வெளியீட்டையே ரத்து செய்தார்கள். அங்கே சோதனையில் இணைப்புத் தரம் தேறவில்லை. அந்த வகையில் சிங்கப்பூருக்கு அதிர்ஷ்டம்.

பிங் கணக்கு ஏறக்குறைய இப்படி: இங்கிருந்து இங்கேயே 3 முதல் 10. ஹாங்காங் 35 முதல் 40. தோக்கியோ 70. சிட்னி 95க்குப் பக்கம். அமெரிக்க மேற்குக் கரை 170க்கு மேல். கடைசி எண்ணைக் குறைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. தூரம் சுமார் 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 136 ஆகிவிடும். கேபிள் நேர்க்கோட்டில் போகாது, நடுவில் ரவுட்டர்கள் வேறு.

இந்த ஆட்டம் சோர்ஸ் எஞ்சினைத் திருத்திக் கட்டியது. உங்கள் ஓட்டமும் தாவலும் உங்கள் கணினியிலேயே முன்கூட்டிக் கணக்கிடப்படும். அதனால் 170 பிங்கிலும் சுவரோட்டம் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். எதிரி சுட்ட நொடியில் அவர் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ அந்த இடத்துக்கு சர்வர் காலத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும். சுவருக்குப் பின்னால் போய்விட்டோம் என்று நினைத்த பிறகு சாவது இதனால்தான். வேகமான ஆட்டம் என்பதால் இது இங்கே இரட்டிப்பாகத் தெரியும். "சிங்கப்பூரில் ஆள் இல்லையா, அமெரிக்கா சர்வருக்குப் போங்கள்" என்பது அதனால் நல்ல யோசனை இல்லை. ஹாங்காங் வரை போகலாம், தோக்கியோ தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

---

தெம்பனிஸ்_டைட்டன்

பிடோக் அண்ணே, ஆட்டக்காரர் எங்கே என்று கேட்டீர்கள். கணக்குப் போட்டால் விடை வரும். கீழே வரும் 600 எடுத்துக்காட்டுக்காக நான் வைத்த எண், எங்கும் வெளியானதல்ல.

வார நாள் இரவு பத்து மணி, நம் வட்டாரத்தில் 600 பேர் ஆடுகிறார்கள் என்று வைப்போம். முதல் வெட்டு சாதனம். எக்ஸ்பாக்ஸ் ஒன், எக்ஸ்பாக்ஸ் 360, பிசி. ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு சேர முடியாது. சமமாகப் பிரித்தால் 200.

இரண்டாவது வெட்டு மோட். அட்ரிஷன், ஹார்ட்பாயின்ட், கொடி பறித்தல், லாஸ்ட் டைட்டன் ஸ்டாண்டிங், பைலட் ஹன்டர், கூடவே ஆன்லைனில் மட்டும் ஆடக்கூடிய கதைப் பகுதி. பாதிப் பேர் அட்ரிஷனுக்குப் போவார்கள். மீதி நூறு பேரை ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 20.

அந்த 20 பேரில் 12 பேர் ஏற்கெனவே ஓடும் மேட்சுக்குள் இருக்கிறார்கள். லாபியில் எட்டு பேர். தேவை பன்னிரண்டு. உள்ளே ஆடுபவர் யாராவது வெளியேறினால் ஒருவர் நுழையலாம், இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று நிமிடம் தாண்டினால் இரண்டு பேர் அலுத்துப்போய் அட்ரிஷனுக்கு மாறுவார்கள். எட்டு ஆறாகும். ஆறைப் பார்த்தவர் இன்னும் சீக்கிரம் மாறுவார். அந்த மோட் அன்றிரவு முடிந்தது. இந்த ஆட்டத்தின் மெனுவே மோட் வாரியாக வட்டாரத்தில் எத்தனை பேர், உலகத்தில் எத்தனை பேர் என்று காட்டியதால் சரிவு இன்னும் வேகமாயிற்று. சிறிய எண்ணைக் கண்டதும் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

இதே வெட்டுகளை 6,000 பேர் உள்ள வட்டாரத்தில் போடுங்கள். ஆகக் குறைந்த மோடிலும் 200 பேர் இருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. அமெரிக்காவில் இருந்து எழுதும் விமர்சகர்களுக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். நோய் எல்லா இடத்திலும் ஒன்றுதான், சிறிய வட்டாரத்தில் முதலில் காய்ச்சல் அடிக்கும்.

---

ஓகர்_பிரியா

தம்பி, கணக்கு சரி. ஆனா முதல் வெட்டுக்கு முன்னாடியே ஒரு பெரிய வெட்டு விழுந்துடுச்சு, அதை விட்டுட்டீங்க. பிளேஸ்டேஷன் 4 வெச்சிருந்தவங்க எல்லாரும் வெளியே.

நம்ம ஊர்ல பிஎஸ்4 2013 டிசம்பர்லயே கடைக்கு வந்துடுச்சு. எக்ஸ்பாக்ஸ் ஒன் அதிகாரபூர்வமா வந்தது 2014 செப்டம்பர் 23. ஆட்டம் வந்ததோ மார்ச். எந்தப் பெட்டியை விற்க இந்த ஆட்டத்தைப் பூட்டி வெச்சாங்களோ அந்தப் பெட்டியே ஆறு மாசத்துக்கு மேல இங்க இல்ல! வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு விற்ற கடைகள்ல கூடுதல் வெள்ளி கொடுத்து வாங்கினவங்க கொஞ்சப் பேர். எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பும் ஏப்ரல்லதான் வந்துச்சு, அதைச் செஞ்சது ப்ளூபாயின்ட். மார்ச் மாசம் இங்க உண்மையில இருந்த ஒரே வழி பிசி. அந்த ஆறு மாசம்தான் ஒரு ஆன்லைன் ஆட்டத்தோட உயிர்.

இன்னொண்ணு. 2013 அக்டோபர்லதான் ஜாம்பெல்லாவே வெளிப்படையா சொன்னார், ஆட்டத்தோட ஆயுள் முழுக்க மைக்ரோசாஃப்ட் தளங்களுக்கு மட்டும்னு வெளியீட்டு நிறுவனமான ஈஏ ஒப்பந்தம் போட்டுட்டதா. கொஞ்ச நாள் கழிச்சாவது பிஎஸ்4ல வரும்னு காத்திருந்தவங்களுக்கு அன்னிக்கே கதவு மூடிடுச்சு.

---

தெம்பனிஸ்_டைட்டன்

ஒத்துக்கொள்கிறேன், அக்கா. ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பிஎஸ்4 பதிப்பு வந்திருந்தால் அது நான்காவது தனிக் குளம். தளம் தாண்டி ஆடும் வசதி அன்று இல்லாததால் பிசிக்காரருக்கு ஒரு ஆள்கூடக் கூடியிருக்காது. பிஎஸ்4காரர்கள் மட்டும் தங்களுக்குள் செழித்திருப்பார்கள்.

அதற்குச் சான்று இரண்டாம் பாகம். 2016 அக்டோபர் 28 அன்று பிஎஸ்4லும் வந்தது, மேப்கள் எல்லாம் இலவசம், தனியாள் கதையும் சேர்ந்தது. முதல் பாகத்தைப் பற்றிப் பலரும் சொன்ன இந்த மூன்று குறைகளும் தீர்ந்தன. ஆனால் ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் பின்னால் புதிய கால் ஆஃப் டியூட்டி. நடுவில் நசுங்கியது. பூட்டு மட்டுமே காரணம் என்றால் இரண்டாம் பாகம் ஓடியிருக்க வேண்டும்.

---

பிடோக்_பைலட்

காசுக்கு விற்ற மேப்களை யாரும் சொல்லவில்லையே. 2014 மே மாதம் எக்ஸ்பெடிஷன், ஜூலையில் ஃபிரன்டியர்ஸ் எட்ஜ், செப்டம்பரில் ஐஎம்சி ரைசிங். வாங்கியவருக்குத் தனி வரிசை. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது ஒருவரிடம் அந்த மேப் இல்லையென்றால் மற்ற மூவரும் வாங்கியது வீண். தெம்பனிஸ் சொன்ன கணக்கில் இது இன்னொரு வெட்டு, அதுவும் மிகவும் விசுவாசமான ஆட்டக்காரர்களைத் தனியே பிரித்து வைக்கும் வெட்டு. 2015ல் இலவசமாக்கினார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

பிசியில் ஆள் குறைந்த மோடுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கத் தொடங்கியதும் அதே முதல் கோடையில்தான். கொடி பறித்தலுக்கு எதிர்ப்பு கிளம்பி அது மட்டும் திரும்பி வந்தது. என்னைக் கேட்டால், எடுத்தது சரியான முடிவு. ஆறு மோடில் சிதறுவதைவிட மூன்று மோடில் சேர்ந்திருப்பது மேல். முதல் நாளிலேயே வட்டாரத்தின் அளவுக்கு ஏற்ப மோட் எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருக்க வேண்டும்.

---

புதுவரவு_யீஷூன்

அண்ணன்களே, அக்கா, ஒரு கேள்வி. பழைய பொருள் விற்கும் தளத்தில் டைட்டன்ஃபால் பத்து வெள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க் ஒன்று, பிசி பெட்டி ஒன்று. எதை வாங்கலாம்? என்னிடம் சீரிஸ் எஸ் இருக்கிறது, சுமாரான லேப்டாப்பும் இருக்கிறது.

---

கேபிள்காரர்

தம்பி, இரண்டையும் வாங்காதீர்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. சீரிஸ் எக்ஸ் அல்லது டிஸ்க் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் இருந்தால்தான் அந்த டிஸ்க் பயன்படும். அதற்கும் மேல், ஆன்லைனில் ஆட எக்ஸ்பாக்ஸின் கட்டண உறுப்பியம் வேண்டும். இந்த ஆட்டத்தில் ஆஃப்லைன் என்று எதுவும் இல்லை.

பிசி பெட்டி இன்னும் மோசம். உள்ளே இருக்கும் குறியீடு ஒருமுறைதான் செல்லும். முதலில் வாங்கியவர் அதைத் தன் கணக்கில் போட்டிருப்பார், உங்களுக்கு வருவது வெறும் அட்டைப்பெட்டி. "திறக்காதது" என்று சொன்னாலும் பிளாஸ்டிக் உறையைப் படத்தில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஸ்டீமிலோ ஈஏ கணக்கிலோ வாங்கி வைத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. கடைப் பக்கம் மறைந்தாலும் நூலகத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: பிசியில் 48 ஜிபி காலி இடம் வேண்டும். அதில் சுமார் 35 ஜிபி சுருக்கப்படாத ஒலிக் கோப்புகள். அன்றைய இரண்டு கோர் கணினிகள் ஆட்டத்தின் நடுவே ஒலியைப் பிரிக்கத் திணறக் கூடாது என்பதற்காக அப்படியே விரித்து வைத்தார்கள். இறக்குவது குறைவு, விரிவது அதிகம். இறக்க வேண்டிய அளவுக்கு மட்டும் இடம் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதியில் நின்றுவிடும்.

உங்கள் லேப்டாப்புக்கு நான் சொல்வது இரண்டாம் பாகம். இன்னும் விற்பனையில் இருக்கிறது, தள்ளுபடிக் காலத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஆள் சேர நார்த்ஸ்டார்.

---

புதுவரவு_யீஷூன்

நன்றி அண்ணே. நார்த்ஸ்டார் என்றால்?

---

தெம்பனிஸ்_டைட்டன்

இரண்டாம் பாகத்துக்கு ஆர்வலர்கள் எழுதிய மாற்று மென்பொருள், 2021 டிசம்பரில் வெளிவந்தது. அதன் மூலம் யார் வேண்டுமானாலும் சொந்த சர்வர் நடத்தலாம். அந்த ஆண்டு நிலவரம் தெரிந்தால் அதன் அருமை புரியும். இரண்டு பாகங்களின் சர்வர்களும் தொடர் தாக்குதலில் கிடந்தன. ஜூலை 4 அன்று ஏபெக்ஸ் லெஜண்ட்ஸுக்குள்ளேயே யாரோ புகுந்து, டைட்டன்ஃபாலைக் காப்பாற்றுங்கள் என்று செய்தி போட்டார்கள். ஏபெக்ஸ் ஆடிய அப்பாவிகளின் வார இறுதியைக் கெடுத்த அந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன். சர்வர் எழுதி ஓடவிட்டவர்கள் செய்ததுதான் உருப்படியான வேலை.

செய்முறை: காசு கொடுத்து வாங்கிய அசல் இரண்டாம் பாகம் பிசியில் இருக்க வேண்டும். அதை ஒருமுறை சாதாரணமாகத் திறந்து, மெனு வரை போய் மூடுங்கள். இதைத் தவிர்த்தால் கணக்குச் சரிபார்ப்பு அடிக்கடி தவறும். பிறகு நார்த்ஸ்டார் கோப்புகளை ஆட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே, ஆட்டத்தைத் தொடங்கும் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே விரியுங்கள். பலர் உள்ளே இன்னொரு கோப்புறையாக விரித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். விண்டோஸின் "புரோகிராம் ஃபைல்ஸ்" கோப்புறைக்குள் ஆட்டம் இருந்தால் எழுதும் உரிமை மறுக்கப்படும், வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஈஏ செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு நார்த்ஸ்டாரின் தொடக்கக் கோப்பை அழுத்தினால் சர்வர் பட்டியல் வரும். வட்டாரத்தைப் பெயரிலேயே போடுவது வழக்கம், சிங்கப்பூர் அல்லது ஆசியா என்று இருப்பதைத் தேடுங்கள்.

---

உட்லண்ட்ஸ்_ஸ்டிரைடர்

பிங் 6 என்று காட்டுகிறது, ஆனாலும் ஆட்டம் திடீர் திடீரென்று இழுக்கிறது. ஃபைபர் நிறுவனத்தை மாற்றினால் சரியாகுமா?

---

கேபிள்காரர்

நிறுவனத்தை மாற்றும் முன் வீட்டைப் பாருங்கள். ஃபைபர் முடியும் பெட்டியும் ரவுட்டரும் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாசல் பக்கம் இருக்கும். படுக்கையறைக்கும் அதற்கும் நடுவே பாம் ஷெல்டர் இருந்தால் அந்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையைத் தின்றுவிடும். ரவுட்டரையே ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு, அதைவிட மோசமான இடம் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாரும் மோதிக்கொள்வார்கள். 6 என்பது சராசரி. நடுவில் 150 வரை குதிப்பதை அந்த எண் காட்டாது.

சோதிக்கும் முறை: ரவுட்டர் முகவரிக்கே தொடர்ந்து ஐந்து நிமிடம் பிங் விடுங்கள். அங்கேயே எண் குதித்தால் குறை உங்கள் வைஃபையில், நிறுவனத்தில் இல்லை. நீளமான கேட்6 கேபிளை கதவு நிலையோரமாக இழுத்தால் முடிந்தது. ரவுட்டர் வரை எண் சீராக இருந்து, வீட்டில் யாராவது படங்களை மேலேற்றும்போது மட்டும் இழுத்தால் அது வரிசை நெரிசல். ரவுட்டரில் போக்குவரத்து முன்னுரிமையைத் திறந்து, மேலேற்றும் வேகத்தை உண்மையான வேகத்தில் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்த ரவுட்டரையும் மாட்டியிருந்தால் ஒன்றை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் முகவரி மாற்றம் இருமுறை நடந்து, சொந்த சர்வர் வைக்கும்போது யாரும் உள்ளே வர முடியாது.

---

ஓகர்_பிரியா

ஒரு ஆட்டத்துக்கு "ஓய்வு" கொடுக்கிறதுன்னா விற்பனையை நிறுத்துறதா, சர்வரையே அணைக்கிறதா, அந்த வித்தியாசத்தைப் பதிவு பண்ணணும். பிஎஸ்3ல மேக்னு ஒரு ஆட்டம், 2010 ஜனவரியில வந்துச்சு. ஒரே மேட்சுல 256 பேர். அதுவும் ஒரே தளத்துக்குப் பூட்டினதுதான். செஞ்ச ஜிப்பர் ஸ்டூடியோவை 2012ல மூடினாங்க, 2014 ஜனவரி 28ல சர்வரையும் அணைச்சாங்க. டிஸ்க் கையில இருந்தும் பிரயோஜனமில்ல. கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23ல வந்து செப்டம்பர் 6ல அணைஞ்சது, ஆனா எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. டைட்டன்ஃபாலுக்கு விற்பனை மட்டும் நின்னுச்சு.

மூணுல எனக்கு ஏத்துக்கவே முடியாதது மேக்தான். 256 பேர் ஆட்டத்தை எட்டு எட்டுப் பேர் குழுவா பிரிச்சு, மேல ஒரு தளபதியை வெச்சு, அவ்வளவு அழகா கட்டினாங்க. சர்வர் மென்பொருளை வெளியே கொடுத்திருந்தா இன்னிக்கும் ஒரு வார இறுதிக்காவது 64 பேர் மோடை ஓட்டியிருப்பாங்க. விற்பனையை நிறுத்துற அன்னிக்கே சர்வர் மென்பொருளையும் வெளியிடணும்னு நிறுவனங்கள்கிட்ட கேட்கணும். நியாயமான கோரிக்கைதான் இது.

---

பிடோக்_பைலட்

முழு ஆதரவு. அது நடக்கும் வரை நார்த்ஸ்டாரில் நம் ஊருக்கு ஒரு சர்வர் வைக்கலாமா? கேபிள்காரர் அண்ணே, வீட்டுக் கணினியில் முடியுமா?

---

கேபிள்காரர்

முடியும். ரவுட்டரில் யூடிபி 37015 போர்ட்டை அந்தக் கணினிக்குத் திறக்க வேண்டும், விண்டோஸ் தீச்சுவரிலும் அனுமதிக்க வேண்டும். முதலில் வெளி முகவரியைச் சரிபாருங்கள். ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளித்தளம் காட்டும் முகவரியும் வேறாக இருந்தால் நிறுவனமே உங்களைப் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது போர்ட் திறந்தும் பயனில்லை, அவர்களிடம் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும். சர்வர் ஓடும் கணினியிலேயே ஆடாதீர்கள், இரண்டும் திணறும்.

முதல் வாரம் ஆறுக்கு ஆறு வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஃபிரன்டியர் டிஃபென்ஸில் தொடங்குங்கள், ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும். எட்டுப் பேர் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு அட்ரிஷனுக்கு மாற்றலாம். ஒரே மோட், ஒரே நேரம். வெள்ளி இரவு பத்து மணி சரிப்படுமா?

---

ஓகர்_பிரியா

பத்தரைன்னா நான் வர்றேன்.

---

தெம்பனிஸ்_டைட்டன்

பத்தரை. கடவுச்சொல் போட வேண்டாம், பட்டியலில் தெரியட்டும். பெயரில் சிங்கப்பூர் என்று இருந்தால் மலேசியா, இந்தோனேசியா பக்கமிருந்தும் ஆள் வரும். பன்னிரண்டை எட்ட அவர்களும் வேண்டும்.